நீல ஓடு சுடும் கைகள்



உங்கள் குடும்பத்திலும் டில்லிக்குப் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார். அஜ்மீருக்குப் போகும் வழியில் இரண்டு நாள் தங்கியிருப்பார். அல்லது வியாபார விஷயமாகப் போயிருப்பார். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், குதுப் மினார் பார்த்தோம், செங்கோட்டை பார்த்தோம், சாந்தினி சௌக்கில் சாமான் வாங்கினோம், ஆக்ராவுக்கும் ஓடிப்போய்த் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு வந்தோம் என்பார். எல்லாம் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களை இன்றைக்கும் நிற்க வைத்திருக்கும் கைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் வாப்பாவின் ஊரில் ஒரு பழைய பள்ளிவாசல் இருந்தது. முற்றிய மரத்தில் கடைந்த தூண்கள். மிஹ்ராபைச் சுற்றிச் சுண்ணாம்பில் செய்த பூவேலை. தொழ வருகிறவர்களின் தொகை கூடியது, இடம் போதவில்லை, ஊரார் கூடிப் பேசி இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். தேவை உண்மையானதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. "அந்தப் பூவேலையையாவது திரும்பப் போடுங்களேன்" என்று என் உம்மும்மா சொல்லியனுப்பினார். மேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த வேல இப்ப யாருக்கும் தெரியாதே" என்றாராம். பளபளக்கும் டைல்ஸ் ஒட்டி வேலையை முடித்தார்கள்.

அந்த ஒரு வாக்கியம் என் மனதில் தைத்தது. கட்டடம் போனால் இன்னொன்று கட்டலாம். வேலை தெரிந்தவர் போய்விட்டால் என்ன செய்வது? அதற்கு டில்லியில் ஒரு மூலையில் விடை இருக்கிறது. வாருங்கள், அந்த இடத்துக்குப் போவோம்.

சுற்றுவட்டத்தின் நடுவே

புது டில்லியின் தென்கிழக்கே நிஸாமுத்தீன் என்ற பகுதி. நீங்கள் ஓட்டோவில் வந்து இறங்கும் இடத்திலேயே, வாகனங்கள் சுற்றிச் சுற்றி ஓடும் சுற்றுவட்டத்தின் நடுவில், எட்டுப் பக்கம் கொண்ட ஓர் அடக்கஸ்தலம் நிற்கும். ஸப்ஸ் புர்ஜ் என்று பெயர். 'பச்சைக் கோபுரம்' என்று அர்த்தம். ஆனால் தலையில் நீலம் தரித்திருக்கும்! ஆங்கிலேயர் காலத்தில் இது பொலிஸ் நிலையமாகக்கூட இருந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் திருத்த வேலை செய்தபோது, உட்கூரையில் படிந்திருந்த கரியையும் சுண்ணாம்புப் பூச்சையும் மெதுவாக அகற்றினார்கள். அடியில் தங்கமும் நீல வண்ணமும் கொண்டு தீட்டிய சித்திரவேலை மின்னியது. எத்தனை தலைமுறை அதன் கீழே நின்றும் அண்ணாந்து பார்க்காமல் போயிருக்கிறது, பாருங்கள்!

மேற்கே திரும்பினால் குறுகலான சந்துகள். ரோஜாப்பூத் தட்டு, அத்தர், தொப்பி, கபாப் புகை. அதுதான் நிஸாமுத்தீன் பஸ்தி. 1325 இல் மறைந்த ஹஸ்ரத் நிஸாமுத்தீன் அவ்லியா (றஹ்) அவர்களும், அவர்களின் சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ரு அவர்களும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். ஸியாரத்துப் பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அதைப் பேச நான் இங்கே வரவில்லை. போகிறவர்களுக்கு ஒரு தகவல் மட்டும்: பெண்கள் உள்ளே கபுரடிக்குப் போக அனுமதியில்லை, வெளியே சலவைக்கல் ஜாலி ஓரமாக அமர்ந்து துஆக் கேட்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு பாவோலி இருக்கிறது. படியிறங்கிப் போகும் பெரிய கிணறு. அந்தப் பெரியாரின் காலத்திலேயே தோண்டப்பட்டது. 2008 இல் அதன் மதிலில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதைத் திருத்தி, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சேற்றையும் குப்பையையும் அள்ளியபோது ஊற்று மீண்டும் தெளிந்தது.

ஒரு பெண் கட்டிய மாளிகை

மீண்டும் சுற்றுவட்டத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் ஹுமாயூன் மன்னரின் மக்பரா. டிக்கட் எடுக்கும்போது பாஸ்போட்டை மறக்காமல் காட்டுங்கள். சார்க் நாட்டவர்களுக்கு இந்தியர்களுக்குரிய குறைந்த கட்டணம்தான். தெரியாமல் வெளிநாட்டவர் வரிசையில் பல மடங்கு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே ஒரு வாசல், இரண்டாவது வாசல், பிறகு திடீரென்று அந்தக் காட்சி. செந்நிறக் கல்லும் வெள்ளைச் சலவைக்கல்லும் சேர்ந்த பிரம்மாண்டமான மாளிகை. 47 மீற்றர் உயரம். நான்கு பாகமாகப் பிரித்த தோட்டம், நடுவே நீரோடும் வாய்க்கால்கள். தாஜ்மஹாலுக்கு இது மூத்த சகோதரி. ஏறக்குறைய 60 வருடம் முந்தியது.

தாஜ்மஹாலைக் கணவன் மனைவிக்காகக் கட்டினான் என்று உலகமே பாடுகிறது. இதையோ மனைவி கணவனுக்காகக் கட்டினார்! 1556 இல் ஹுமாயூன் தம் நூலகத்தின் படிக்கட்டில் தவறி விழுந்து மரணமானார். அவருடைய முதல் மனைவி பேகா பேகம் ஹஜ்ஜை நிறைவேற்றியதால் ஹாஜி பேகம் என்று அழைக்கப்பட்டவர். அந்த அம்மையாரே முன்னின்று இதைக் கட்டுவித்தார் என்று சொல்லப்படுகிறது. கட்டடக் கலைஞர் மீரக் மிர்ஸா கியாஸ், ஹிராத், புகாரா பக்கத்தில் வேலை செய்து பழகியவர். அவர் இடையில் இறந்துபோக, மகன் ஸையித் முஹம்மத் முடித்து வைத்தார். 1570 அளவில் வேலை பூர்த்தியானது. பிற்காலத்தில் மொகலாயக் குடும்பத்தினர் 150 பேருக்கு மேல் இங்கேயே அடக்கப்பட்டார்கள்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. 1857 இல் கடைசி மன்னர் பஹதூர் ஷா ஸஃபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டது இங்கேதான். 1947 இல் பிரிவினை வந்தபோது இந்தத் தோட்டம் அகதி முகாமானது. வீடு வாசலை இழந்து கூடாரத்தில் கிடந்தவர்களின் துன்பத்தை நம் நாட்டவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வாய்க்கால்கள் தூர்ந்தன, நீரூற்றுகள் நின்றன. 1993 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றபோதும் தோட்டத்தில் தண்ணீர் ஓடவில்லை.

சமையலறையிலிருந்து வந்த சாந்து

திருத்த வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் தோட்டம். இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் திணைக்களமும் ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் சேர்ந்து 2003 இல் அதை முடித்தன. வாய்க்கால்களை எப்படிப் பதித்தார்கள் தெரியுமா? 40 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் மட்டுமே சரிவு. அந்த நூலளவு சரிவில் தண்ணீர் தானாகவே ஓடுகிறது. அதைக் கையால் கொத்திப் பதித்தவர்கள் கல் கொத்தும் தொழிலாளிகள்.

பிறகு 2007 இல் அதே இரு தரப்பும் டில்லி மாநகர சபை முதலானவையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. மக்பராவை மட்டுமல்ல, பக்கத்துப் பஸ்தியையும், அருகிலிருந்த சுந்தர் நர்ஸரியையும் சேர்த்தே சீர்செய்வது என்று முடிவெடுத்தார்கள். மாளிகையை மினுக்கிவிட்டு, அதன் நிழலில் வாழும் ஏழையின் வீட்டு வாசலில் சாக்கடை ஓட விடக்கூடாது என்பது அவர்களின் எண்ணம்.

மாளிகையில் ஏறிப் பார்த்தால் கூரையில் சீமெந்துக் கொங்கிரீட்! ஒழுக்கை அடைக்க இருபதாம் நூற்றாண்டில் அடுக்கடுக்காகப் போட்டது. பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வெளியே தள்ளும். சீமெந்து அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், பாரமும் கூட. நல்லது என்று நினைத்துப் போட்ட அந்தச் சீமெந்தில் 10 இலட்சம் கிலோவுக்கு மேல் கையாலேயே உடைத்து இறக்கினார்கள்.

அதற்குப் பதிலாக மீண்டும் சுண்ணாம்புச் சாந்து. அதன் சேர்மானத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: நீற்றின சுண்ணாம்பு, சலவைக்கல் தூள், வெல்லம், உளுந்து, வில்வப்பழச் சதை, முட்டை வெள்ளைக்கரு. பாதிச் சாமான் நம் குசினியில் இருப்பவை! நம் நாட்டுப் பழைய மேசன்மாரும் சுண்ணாம்பில் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கதையல்ல, சகோதரி.

சுமார் 1,500 கைவினைஞர்கள், கூட்டிப் பார்த்தால் 2 இலட்சம் நாள் வேலை. கல்கொத்தர், சாந்து பூசுகிறவர், தச்சர். 2013 செப்டெம்பரில் மக்பரா புதுப்பொலிவுடன் திறந்து வைக்கப்பட்டது.

உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த உஸ்தாத்மார்

இப்போது அண்ணாந்து கூரையைப் பாருங்கள். பெரிய குப்பாவைச் சுற்றிச் சின்னச் சின்ன மண்டபங்கள். அவற்றின் தலையில் நீல நிற மெருகு ஓடுகள். இவற்றில் பெரும்பகுதி காலத்தால் உதிர்ந்து போயிருந்தது. திரும்பச் செய்யலாம் என்றால், இந்த வகை ஓடு சுடும் கலை இந்தியாவில் மறைந்தே போயிருந்தது. என் வாப்பாவின் ஊர் மேசன் சொன்ன அதே பதில்!

ஆனால் இங்கே அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. அந்தக் கலை எங்கே இன்னும் உயிரோடிருக்கிறது என்று தேடினார்கள். உஸ்பெகிஸ்தானிலிருந்து ஓட்டுக் கலை உஸ்தாத்மாரை வரவழைத்தார்கள். ஹுமாயூனின் தந்தை பாபர் பிறந்த மண் அது. 450 வருடங்களுக்கு முன் எந்தத் திசையிலிருந்து இந்தக் கலை வந்ததோ, அதே திசையிலிருந்து மீண்டும் வந்தது.

அந்த உஸ்தாத்மார் ஓட்டைச் சுட்டு ஒட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகவில்லை. நிஸாமுத்தீன் பஸ்தி இளைஞர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மண்ணைப் பிசைவது, மெருகு கலப்பது, சூளையின் சூடு அறிவது. சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் மாறிவிடும். பழைய ஓட்டின் சேர்மானத்தைப் பரிசோதித்து, சுட்டு, பிழைத்து, மறுபடி சுட்டு, சரியான நீலம் கிடைக்கச் சில வருடங்கள் பிடித்தன. இன்று அந்தப் பஸ்திப் பிள்ளைகள் சுட்ட ஓடுகள் மன்னரின் மாளிகைத் தலையில் இருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. "பழைய சின்னம் இருந்தபடியே இருக்கட்டும், புதிய ஓடு ஒட்டினால் அது பழையதாகுமா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: பழைய ஓடு ஒன்றைக்கூடக் கழற்றுவதில்லை. உதிர்ந்துபோன இடத்தில் மட்டுமே புதியது. ஓட்டைப் பாதுகாப்பது மட்டும் போதாது, ஓடு செய்யும் அறிவையும் பாதுகாக்கவேண்டும் என்பது அவர்கள் தரப்பு. என் மனம் அந்தத் தரப்பில்தான் சாய்கிறது. ஏனென்றால், அடுத்த புயலுக்கு யார் பதில் சொல்வது?

புயல் உண்மையிலேயே வந்தது. 2014 மே மாதம் அடித்த கடும் காற்றில் பெரிய குப்பாவின் உச்சிக் கலசம் முறிந்து விழுந்தது. 18 அடி உயரம். உள்ளே மரத்தண்டு, அதன்மேல் செப்புப் பாத்திரங்களாக அடுக்கி, தங்க முலாம் பூசியது. செப்புத் தொழில் தெரிந்தவர்கள் இருந்ததால் அதேபோல் இன்னொன்றைக் கையால் தட்டிச் செய்து, 2016 இல் மீண்டும் ஏற்றினார்கள்.

பஸ்தியின் பெண்கள்

"ஆண்பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது சரி, பெண்களுக்கு?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன்.

பஸ்தியில் 'இன்ஷா-ஏ-நூர்' என்று பெண்களின் கூட்டு முயற்சி ஒன்று இருக்கிறது. ஆரி எம்ப்ரோய்டரி, குரோஷே, ஸான்ஜி என்கிற காகித வெட்டுவேலை ஆகியவற்றைப் பழகி, விற்பனைக்குச் செய்கிறார்கள். அவர்களின் கோலங்கள் எங்கிருந்து வந்தன? பக்கத்து மக்பராக்களின் ஜாலிகளிலிருந்தும் ஓடுகளிலிருந்தும்தான். நேற்றுவரை வீட்டு வாசலைத் தாண்டாத பெண், தான் தினமும் கண்ட கல் ஜாலியைக் காகிதத்தில் வெட்டுகிறாள். மக்பராவைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரி அதை வாங்கிக்கொண்டு போகிறாள். உல்லாசப் பயணத்தின் காசு ஹோட்டல்காரரின் பெட்டியோடு நிற்காமல் சந்துக்குள்ளும் வருகிறது.

'ஸாயிகா-ஏ-நிஸாமுத்தீன்' என்று இன்னொரு குழு, 2012 இல் தொடங்கியது. பிள்ளைகள் கடைத் தீனி தின்று சத்தில்லாமல் போவதைக் கண்ட தாய்மார், சத்துள்ள சிற்றுண்டி செய்து கொடுக்கத் தொடங்கியது அது. பிறகு பஸ்தியின் பரம்பரைச் சமையலையே தொழிலாக்கிக்கொண்டார்கள். இளைஞர்கள் சிலர் 'ஸைர்-ஏ-நிஸாமுத்தீன்' என்ற பெயரில், வருகிறவர்களைச் சந்து சந்தாக அழைத்துப்போய் வரலாறு சொல்கிறார்கள். தன் தெருவின் கதையைத் தானே சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்தத் தெருவின் சுவரில் கிறுக்குமா, சொல்லுங்கள்?

பஸ்தியில் பாடசாலையும் சுகாதார நிலையமும் திருத்தப்பட்டன. பெண்கள் தங்கள் பாட்டில் காற்று வாங்க அவர்களுக்கென்றே ஒரு பூங்கா அமைந்தது.

நேரமிருந்தால் இன்னும் கொஞ்சம் தெற்கே போங்கள். அக்பரின் அவையிலிருந்த அப்துர் ரஹீம் கான்-இ-கானான் தம் மனைவி மாஹ் பானுவுக்காக 1598 அளவில் கட்டிய மக்பரா இருக்கிறது. அவரும் பிறகு அங்கேயே அடங்கினார். இதன் கற்களைப் பிற்காலத்தில் உரித்தெடுத்து வேறொரு பிரபுவின் அடக்கஸ்தலத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஆறு வருடம் பாடுபட்டு 2020 இல் இதையும் மீட்டெடுத்தார்கள். 90 ஏக்கர் சுந்தர் நர்ஸரி 2018 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குடும்பமாகப் பாய் விரித்து உட்காரலாம். அதற்கும் மக்பராவுக்கும் நடுவே, பாவோலியைப்போல் நிலத்துக்குக் கீழே அமைத்த நூதனசாலை 2024 இல் திறக்கப்பட்டது.

எல்லாம் பொன்னாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 2025 ஓகஸ்ட் 15 ஆம் திகதி, மக்பராவின் மதிலுக்கு அப்பால் ஒரு சிறிய தர்காவின் அறைக்கூரை இடிந்து விழுந்து உயிர்கள் பறிபோயின. சீர்செய்த மாளிகையும் சீர்செய்யாத அறையும் ஒரு மதில் தூரத்தில்தான் இருக்கின்றன. வேலை இன்னும் கிடக்கிறது.

நம் வீட்டு வாசலில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு புறக்கோட்டையில் 1909 இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலைப் பார்க்க எத்தனை நாட்டவர் வருகிறார்கள்! காலிக் கோட்டைக்குள் வெண்ணிறமாய் நிற்கும் மீரான் பள்ளிவாசலைப் படம் பிடிக்காத உல்லாசப் பயணி உண்டா? நம்மிடமும் செல்வம் இருக்கிறது. அதைத் திருத்தத் தெரிந்த கைகள் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்டு? நம் மகன் நல்ல ஓடாவியாகவோ கல்வேலைக்காரனாகவோ வர விரும்பினால், "படிக்காதவன் செய்யிற தொழில்" என்று முகம் சுளிப்பவர்கள் நாம்தானே?

பெரிய நிறுவனங்கள் வந்துதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலைத் திருத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், வாப்பாவிடமோ நானாவிடமோ சொல்லுங்கள்: இடிக்குமுன் தூணையும் கதவையும் பூவேலையையும் அளந்து, படமெடுத்து வைக்கட்டும். அந்த வேலை தெரிந்த முதியவர் ஒருவர் பக்கத்தூரில் இருக்கிறாரா என்று விசாரிக்கட்டும். இருந்தால், அவரோடு இரண்டு பிள்ளைகளையும் வேலைக்குச் சேர்க்கட்டும். வீட்டில் பன்பாய் இழைக்கத் தெரிந்த மூத்தம்மா இருந்தால், வரும் பாடசாலை விடுமுறையில் மகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

என் உம்மும்மா வஃபாத்தாகி வருடங்கள் பல ஆகிவிட்டன. அந்தப் பூவேலை எப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. டில்லியில் அந்த நீல ஓடுகளின் கீழே நின்றபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. உங்கள் வீட்டில் அவரைப் போன்ற ஒருவர் இன்னும் இருக்கிறாரல்லவா? இன்று அஸருக்குப் பிறகு அவர் பக்கத்தில் கொஞ்சம் போய் உட்காருங்கள், சகோதரி.

வஸ்ஸலாம்.